உறுமுகிறது, சுழலவில்லை: வெள்ளநீரில் நின்ற ஒரு பழைய பெஞ்ச் கிரைண்டர்

எர்ணாவூர் வாசகர் ஒருவரின் கேள்வி, 7 ஜனவரி 2024

என் தந்தை கருவிகள் தீட்டப் பயன்படுத்திய பெஞ்ச் கிரைண்டர், இருபுறமும் எட்டு அங்குலக் கல் பூட்டியது, அரைக் குதிரைத்திறன். தரையில் இறக்கி வைத்திருந்ததால் டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் இரண்டு நாள்கள் பாதி உடல் வரை மூழ்கிக் கிடந்தது. எங்கள் தெருவுக்குள் வந்தது எண்ணெய் கலந்த நீர். வடிந்த பின் மூன்று வாரம் மொட்டை மாடியில் வெயில் காட்டினேன். இப்போது சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, கல் சுழலவில்லை. கண்டென்சர் போயிருக்கும் என்று கடைக்காரர் சொன்னதால் புதியது வாங்கிப் போட்டேன். அப்படியும் உறுமல்தான். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில் கருகிவிட்டது, திரும்பக் கட்டும் செலவுக்குப் புது இயந்திரமே வாங்கலாம் என்கிறார் தெரிந்த எலெக்ட்ரீஷியன். அப்பா தவறி ஒன்றரை ஆண்டு ஆகிறது. எடைக்குப் போட மனம் வரவில்லை. வழி உண்டா ஐயா?

7 ஜனவரி 2024, இரவு

முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள் தம்பி. சுழலாமல் நின்று உறுமும் மோட்டார் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். இந்த முறையாவது சுற்றாதா என்று நீங்கள் சுவிட்சைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் நல்ல காயிலை நீங்களே வாட்டுகிறீர்கள்.

காயில் கருகிவிட்டது என்பதை நான் ஏற்கவில்லை. கருகிய காயிலை மீட்டர் சொல்வதற்கு முன் மூக்கு சொல்லிவிடும். எரிந்த வார்னிஷ் வாடை ஒரு வாரமானாலும் போகாது. சீரான உறுமல் இருக்கிறது என்றால் ரன்னிங் காயில் உயிரோடு இருக்கிறது. ஒற்றை ஃபேஸ் மோட்டார் ரன்னிங் காயிலை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்ப முடியாது. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே அதிரும். ஸ்டார்ட்டிங் காயிலும் அதனோடு தொடர்ந்து நிற்கும் கண்டென்சரும் சேர்ந்து கொடுக்கும் தள்ளில்தான் அது ஒரு திசையைப் பிடிக்கிறது. ஆகவே ஸ்டார்ட்டிங் பக்கத்தில் எங்கோ பாதை அறுந்திருக்க வேண்டும், அல்லது பேரிங் துருப்பிடித்து இறுகியிருக்க வேண்டும். கல்லைக் கையால் ஒரு சுண்டு சுண்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். பிடித்துக்கொண்டு ஓடினால் கோளாறு ஸ்டார்ட்டிங் பக்கம்தான்.

8 ஜனவரி, காலை

இரவு எழுதியதன் கடைசி யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். தூக்கம் கலைந்த பிறகுதான் உறைத்தது. வெள்ளத்தில் ஊறிய கல், துருப்பிடித்த நட்டு, உடலில் மின்கசிவு இருக்கிறதா என்றே தெரியாத மோட்டார் ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்துக்கொண்டு கையை அருகில் கொண்டுபோகச் சொன்னது என் தவறு. பிளக்கைச் சொருகாமல், கல்லைக் கையால் சுற்றிப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறதா, உள்ளே என்ன ஓசை கேட்கிறது என்று மட்டும் எழுதுங்கள். அதன் பிறகு இரண்டு கல்லையும் கழற்றிவிடுங்கள்.

8 ஜனவரி, மாலை

கல்லைக் கழற்றுவதற்கு முன் ஒரு செய்தி. இயந்திரத்தின் முன் நின்று பார்க்கையில் வலக்கைப் பக்கத்து நட்டு வழக்கமான மரை. இடக்கைப் பக்கத்து நட்டு இடது மரை, அதாவது கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். கல் சுழலும் வேகத்தில் நட்டு தானே கழன்றுவிடாமல் மேலும் இறுகுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

இதை நான் கற்ற விதம் வேறு. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் பகுதியான டூல் ரூமில் பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் மாதம், இடப்பக்க நட்டு கழலவில்லை என்று ஸ்பேனரின் வாலில் மூன்றடிக் குழாயை மாட்டி, என் முழு எடையையும் போட்டு இறுக்கிக்கொண்டே இருந்தேன். நட்டின் ஆறு முனைகளும் மழுங்கி அது உருண்டையானதுதான் மிச்சம். பின்னால் நின்று வெகுநேரம் வேடிக்கை பார்த்த ஃபோர்மேன், "மரை கழன்றிருப்பது நட்டிலா, உன்னிடமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அந்த நட்டை உளி வைத்துப் பிளந்து எடுத்தோம்.

10 ஜனவரி

கையால் சுற்றினால் சுழல்கிறது, ஆனால் மணலை அரைப்பது போல நறநறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பேரிங் போய்விட்டது, ஆனாலும் ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, சிக்கிக்கொள்ளவில்லை. இரண்டாவது தகவல்தான் முக்கியமானது. சிறுவயதில் அப்பா இயந்திரத்தை நிறுத்தும்போது, கல் ஓய்வதற்குச் சற்று முன்னால் உள்ளே 'டக்' என்று ஓர் ஓசை கேட்கும் என்கிறீர்கள். அப்படியானால் இதில் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் இருக்கிறது. மோட்டார் முழு வேகத்தில் முக்கால் பங்கை எட்டியதும் ஷாஃப்டில் உள்ள எடைகள் விரிந்து, ஒரு வளையத்தை இழுத்து, ஸ்டார்ட்டிங் காயிலுக்கு மின்சாரம் கடத்தும் தொடுமுனைகளான பாயிண்டுகளைப் பிரித்துவிடும். வேகம் தணிகையில் வளையம் பழைய இடத்துக்கே வந்து பாயிண்டுகளைச் சேர்க்கும். அந்தச் சேர்க்கையின் ஓசைதான் நீங்கள் கேட்டது. வெள்ளத்தோடு வந்த கழிமுகத்து உப்புநீர் அந்தப் பாயிண்டுகளைத் தின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

நீங்கள் போட்ட புதுக் கண்டென்சரின் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அது இரண்டரை மைக்ரோஃபாரட், மின்விசிறிக்கு உரியது. கழற்றிய பழையதன் மேல் 60-80 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் என்று தெளிவாகவே அச்சிட்டிருக்கிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. பழையதை எறிந்துவிடாதீர்கள். அதைத் தொடுவதற்கு முன் இரு முனைகளையும் ஒரு குண்டு பல்பின் கம்பிகளோடு சேர்த்து, மீதமுள்ள மின்னூட்டத்தை வடித்துவிடுங்கள்.

14 ஜனவரி, போகி

வீட்டில் இன்று காலை முதல் என் பட்டறை மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "கிரைண்டருக்கு உடம்பு சரியில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார்" என்று சொன்னேன், "நம் வீட்டு கிரைண்டரிலும் குழவி ஒரு மாதமாக ஆடுகிறது, அதை யார் பார்ப்பது?" என்று பதில் வந்தது. பொங்கல் கழிந்ததும் உங்கள் இயந்திரத்தை இங்கே கொண்டுவாருங்கள். எழுத்தில் ஓசையைக் கேட்க முடியவில்லை.

21 ஜனவரி

இன்று காலை காலடிப்பேட்டையில் உள்ள என் பட்டறைக்கு ஒரு மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. இரும்பு வார்ப்பு உடல், இரண்டு பேர் பிடித்தால்தான் அலுங்காமல் நகரும் கனம். பித்தளைப் பெயர்த்தகட்டைப் புளி போட்டுத் தேய்த்ததில் 0.5, 230, 2850 ஆகிய மூன்று எண்கள் மட்டும் எழுந்தன: குதிரைத்திறன், வோல்ட், நிமிடத்துக்கு எத்தனை சுற்று. அவை போதும்.

இரு முனைகளையும் மூடும் எண்ட் கவர்களைக் கழற்றுவதற்கு முன் கவரிலும் உடலிலும் பஞ்ச் உளியால் குறி வைத்தேன்: இடப்பக்கம் ஒரு புள்ளி, வலப்பக்கம் இரண்டு. மாற்றிப் பூட்டினாலோ திருப்பிப் பூட்டினாலோ சுழலும் பாகமான ரோட்டார் நடுவில் நிற்காது.

திறந்ததும் வந்த வாடை டிசம்பர் மாதத்தையே திரும்பக் கொண்டுவந்தது. காயில் சுற்றிய அசையாப் பாகமான ஸ்டேட்டரின் குறுக்கே கோடு கிழித்தது போல வெள்ளம் நின்ற மட்டம் தெரிந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே இரும்பெல்லாம் பழுப்புத் துரு. கீழே, எண்ணெய் படிந்த பாதியில், கறுப்புச் சேற்றை விரலால் வழித்தால் உள்ளே இரும்பு பளபளவென்று இருந்தது. தெருவைக் கெடுத்த அதே எண்ணெய் இதற்குள் துருவைத் தடுத்து வைத்திருக்கிறது. இதற்காக அதைப் பாராட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது நான் என் 10ஆம் தேதிக் குறிப்பைத் திருத்த வேண்டும். பாயிண்டுகளில் பச்சை படிந்திருக்கிறது, உண்மை. ஆனால் கோளாறு அவற்றில் இல்லை. ஷாஃப்டின் மேல் வழுக்கிச் செல்ல வேண்டிய பேக்கலைட் வளையம், மோட்டார் ஓடும்போது நிற்க வேண்டிய நிலையிலேயே சிக்கி நிற்கிறது. ஆகவே பாயிண்டுகள் பிரிந்தே கிடக்கின்றன. வளையத்தைப் பிடித்து வைத்திருப்பது வெள்ளச் சேறு அன்று. கல்தூளும் இரும்புத்தூளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, துருவோடு கலந்து, சிமெண்டு போல் இறுகிய ஒரு பட்டை. வலப்பக்க எண்ட் கவரில் தூசியைத் தடுக்க இருந்த ஃபெல்ட் வளையம் நைந்து ஒரு விரற்கடை அளவுதான் மிஞ்சியிருக்கிறது. தூள் அந்த வழியாக நுழைந்திருக்கிறது. இது ஒரு மாத வேலை இல்லை, பல ஆண்டுகளின் வேலை.

21 ஜனவரி, இரவு

வளையத்தைக் காட்டி, "இது வெள்ளத்துக்கு முன்பே நின்றுபோனது, அப்படியானால் அப்பா கடைசிக் காலத்தில் இதை எப்படி ஓட்டினார்?" என்று கேட்டேன். தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: அப்பா எப்போதும் வலக்கையால் கல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அது மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும்போதே இடக்கையால் சுவிட்சைப் போடுவாராம். வேலை தொடங்குமுன் கருவியைத் தொட்டுக் கும்பிடுவது போல அது ஒரு பழக்கம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

நான் 7ஆம் தேதி எழுதி, 8ஆம் தேதி திரும்பப் பெற்ற அதே யோசனை. அவர் அதை நாள்தோறும் செய்துகொண்டிருந்திருக்கிறார். தட்டிவிட்டால் ஓடுகிறது, ஓடுகிற இயந்திரத்தை எதற்குப் பிரிப்பது என்று நினைத்திருப்பார். நானும் என் வீட்டு நீரேற்று மோட்டாரோடு அப்படித்தான் இரண்டு கோடைகளை ஓட்டினேன்.

பழைய கண்டென்சரை அளந்தேன்: 71 மைக்ரோஃபாரட். ஒரு குறையும் இல்லை. ஆக, கடைக்காரர், எலெக்ட்ரீஷியன், நான் மூவரும் தவறாகச் சொல்லியிருக்கிறோம்.

23 ஜனவரி

ஸ்டேட்டரைத் தண்ணீரில் கழுவப்போகிறேன் என்று சொன்னதற்கு இரண்டு வாசகர்கள் கொதித்தெழுந்திருக்கிறார்கள். தண்ணீரில் கெட்ட மோட்டாரைத் தண்ணீரிலேயே கழுவுவதா என்பது அவர்கள் வாதம். கெடுத்தது தண்ணீர் இல்லை, அதிலிருந்த உப்பு. கழிமுகத்து நீர் புகுந்த காயிலை அப்படியே வெயிலில் காயவைத்தால் நீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கும். மாலையில் கடற்காற்று அடித்ததும் அந்த உப்பு மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூன்று வார வெயில் ஏன் பயன் தரவில்லை என்பதற்கு விடை அதுதான். எண்ணெயை மண்ணெண்ணெய் தோய்த்த தூரிகையால் எடுத்து, சிறிது சோப்பு நீர் காட்டி, பிறகு நல்ல தண்ணீரில் ஐந்து முறை அலசினேன். கடைசி அலசல் நீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று எங்கள் காலத்துக் காயில் கட்டுபவர் ஒருவர் சொல்வார். இந்தச் சேற்றில் என்னென்ன இருந்தது என்று தெரிந்த பிறகு அதைச் செய்ய நான் துணியவில்லை.

28 ஜனவரி

உலர்த்திய கதை. ஒரு பழைய மரப்பெட்டி, அதற்குள் ஸ்டேட்டர், இரு பக்கமும் நூறு வாட் குண்டு பல்பு ஒவ்வொன்று, மேலே ஈரம் வெளியேற இரண்டு விரல் இடைவெளி. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது; நமக்கு வேண்டியது வெளிச்சம் இல்லை, சூடு. குண்டு பல்புக்காகத் தண்டையார்பேட்டையில் நான்கு கடை ஏறினேன். மூன்று கடைகளில் என்னைப் பழைய படத்தில் வரும் ஆளைப் போலப் பார்த்தார்கள். நான்காம் கடைப் பெரியவர் பரணிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்து, காயிலுக்கும் உடலுக்கும் இடையில் அளந்தேன். கழுவுவதற்கு முன் 0.2 மெகாஓம். குறைந்தது ஒரு மெகாஓம் இல்லாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. கழுவி, பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரம் கழித்து அளந்தால் 0.1 ஆக இறங்கியிருந்தது. தம்பியின் முகம் வாடிவிட்டது. சூடேறும்போது உள்ளே பதுங்கியிருந்த ஈரம் நகரத் தொடங்குவதால் அளவு முதலில் விழும், பிறகுதான் ஏறும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இரண்டாம் நாள் 3, மூன்றாம் நாள் 18, நான்காம் நாள் மாலை 40. சூடு ஆறுமுன்பே காற்றில் உலரும் வார்னிஷை இரண்டு பூச்சுக் கொடுத்துவிட்டேன்.

ரன்னிங் காயில் 6 ஓம், ஸ்டார்ட்டிங் காயில் 14 ஓம். இரண்டுமே முழுதாக இருக்கின்றன. கருகிய காயில் என்ற பேச்சு இதோடு முடிந்தது.

4 பிப்ரவரி

பேரிங் இரண்டும் 6203. கடைசி இரண்டு இலக்கங்களில் 03 என்றால் உள்துளை 17 மில்லிமீட்டர். வெளி விட்டம் 40, தடிமன் 12. பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருவில் வாங்கினோம். முதல் கடையில் கொடுத்ததன் விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தது. பெட்டியின் அச்சு மங்கல், பேரிங்கின் மேல் எண் பொறித்த விதமும் கோணல். வேண்டாம் என்று வைத்துவிட்டோம். அதில் மிச்சப்படும் பணத்தை ஆறே மாதத்தில் வேலைக்கூலியாகத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதைத் தேர்ந்தெடுத்தோம். கல்தூள் பறக்கும் இடத்தில் தகட்டு மூடி போதாது என்பது என் எண்ணம்; தகட்டு மூடியே இருபது ஆண்டு தாங்கியதைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பழையதைப் புல்லர் போட்டு இழுத்தோம். புதியதை ஏற்றும்போது உள்வளையத்தின் மேல் மட்டும் பொருந்தும் ஒரு குழாயை வைத்து, அந்தக் குழாயைத் தட்ட வேண்டும். வெளிவளையத்தில் ஓர் அடி அடித்தாலும் அந்த அடி குண்டுகளின் வழியாகவே போய், ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். இயந்திரம் ஓடும்போது அது காதுக்குத் தெரியும்.

வலப்பக்க எண்ட் கவரின் பேரிங் அறையைச் சுற்றிப் பஞ்ச் உளியால் குத்திய புள்ளிகள் வரிசையாக இருந்தன. அறை தேய்ந்து பேரிங் தளர்ந்தால் இப்படிப் புள்ளி குத்தி இறுக்குவது எல்லாப் பட்டறையிலும் உள்ள குறுக்குவழி. நானும் செய்திருக்கிறேன், ஆகவே செய்தவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் புள்ளிகளின் நுனி மட்டுமே பேரிங்கைப் பிடிப்பதால் அது சில மாதங்களில் நசுங்கி மறுபடி தளர்ந்துவிடும். புள்ளிகளை அரத்தால் தட்டையாக்கிவிட்டு, பேரிங்கைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே விற்கும் ஒட்டுத் திரவத்தைப் பூசிப் பூட்டினேன். வளையம் சிக்கிய இடத்தை இரண்டு இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நைஸ் எமரித் தாளால் மெருகேற்றியதும் விரலால் தள்ளினாலே வழுக்குகிறது. அந்த இடத்தில் கிரீஸ் தடவ வேண்டாம். கிரீஸ் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாம் மறுபடி 21ஆம் தேதிக்கே போய்விடுவோம். புது ஃபெல்ட் வளையம் வெட்டிப் போட்டாயிற்று.

5 பிப்ரவரி

நேற்றிரவு எல்லாவற்றையும் பூட்டிய பெருமிதத்தில் ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடியது. இன்று காலை பெஞ்சுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளைச் சுருட்டும்போது அலையலையாய் வளைந்த ஒரு ஸ்பிரிங் வாஷர் கீழே விழுந்தது. பேரிங்கின் வெளிவளையத்தை ஓரமாக அழுத்தி வைக்கும் வாஷர் அது. மறுபடி பிரித்தோம். இத்தனை ஆண்டு அனுபவம் என்று முதல் குறிப்பிலேயே நான் பெருமையடித்துக்கொள்ளாதது நல்லதாகப் போயிற்று.

11 பிப்ரவரி

கல் பூட்டாமல் ஓட்டினோம். பழைய இரட்டைக் கம்பி வயரை எறிந்துவிட்டு, எர்த் சேர்த்த மூன்று கம்பி வயர் போட்டு, எர்த் கம்பியை வார்ப்பு உடலில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கியிருக்கிறேன். பழையதில் எர்த்தே இல்லை. அத்தனை ஆண்டும் அது யாரையும் அடிக்காமல் விட்டிருக்கிறது.

சுவிட்சைப் போட்டதும் ஒரு நொடிக்குள் வேகம் பிடித்தது. ஏறும்போது ஒரு 'டக்'. ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினோம். வேகம் தணிந்து, தணிந்து, நிற்கப்போகும் தருவாயில் இன்னொரு 'டக்'. தம்பி மறுபடி போடச் சொன்னார். மறுபடி நிறுத்தச் சொன்னார். ஆறு முறை இப்படிச் செய்த பிறகு நான்தான் தடுத்தேன். ஸ்டார்ட்டிங் கண்டென்சரை அடுத்தடுத்து இப்படி வேலை வாங்கக் கூடாது.

பெயின்ட் எந்த நிறம் அடிக்கலாம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எந்த நிறமும் அடிக்கலாம். பெயர்த்தகட்டின் மேல் மட்டும் அடிக்காதீர்கள்.

18 பிப்ரவரி

பழைய கற்களைப் பற்றி எங்களுக்குள் சிறு மனத்தாங்கல். இடப்பக்கக் கல் தேய்ந்து ஆறரை அங்குலமாகியிருந்தது. அப்பா கைப்படத் தேய்ந்தது, அதையே பூட்டுவோம் என்றார் தம்பி. விரலில் தொங்கவிட்டு, ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தட்டிக் காட்டினேன். நல்ல கல் மணி போலக் கணீரென்னும். இது மண்சட்டி போலச் சொத்தென்றது. எண்ணெய் ஊறிய கல் விரிசல் இல்லாவிட்டாலும் அப்படித்தான் ஒலிக்கும் என்பது சரியே. ஆனால் விரிசல் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வேறு வழி இல்லையே. எட்டு அங்குலக் கல்லின் விளிம்பு 2850 சுற்று வேகத்தில் நொடிக்குச் சுமார் 30 மீட்டர் போகிறது, மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டுகிறது. எங்கள் டூல் ரூமில் ஒருவர் அலுமினியத்தைப் பிடித்துப் பிடித்து, அந்த மெத்தென்ற உலோகம் துளைகளை அடைத்து, சூடேறிய கல் ஒருநாள் மூன்றாகச் சிதறியது. ஒரு துண்டு கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே போயிற்று. அவர் அப்போது தேநீருக்கு நகர்ந்திருந்ததால் இன்றைக்கும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்.

இரண்டு கல்லையும் சம்மட்டியால் உடைத்தோம். முழுதாகக் குப்பையில் போட்டால் வேறொருவர் எடுத்துப் பூட்டிவிடுவார். ஒரு துண்டைத் தம்பி சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை நான் கவனிக்காதது போல இருந்துவிட்டேன்.

கல் வாங்குவதென்றால் எங்கள் பகுதிக்காரர்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு. 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் தொழிற்சாலை திருவொற்றியூரில்தான் இருக்கிறது. கார்போரண்டம் என்ற பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1891இல் அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் செயற்கை வைரம் செய்யப்போய் சிலிக்கன் கார்பைடைச் செய்துவிட்டார். கிடைத்தது கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று தவறாக நினைத்து அந்தப் பெயரை வைத்தார். கொரண்டம் என்பது குருந்தம் என்ற நம் தமிழ்ச்சொல்லிலிருந்து போனது. இயற்கையில் கிடைக்கும் அலுமினியம் ஆக்சைடுதான் குருந்தம். பெஞ்ச் கிரைண்டரின் சாம்பல் நிறக் கல், உலையில் செய்த அதே குருந்தம். ஊரைவிட்டுப் போன சொல் முன்னால் கார்பனை ஒட்டிக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கே திரும்பி வந்திருக்கிறது.

20 பிப்ரவரி

நான் கல்லின் பெயரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி பச்சைக் கல் ஒன்றை வாங்கிவிட்டார். பார்க்க அழகாக இருந்ததாம். பச்சைக் கல் சிலிக்கன் கார்பைடு. கடைசல் இயந்திரமான லேத்தில் பூட்டும் டூலின் நுனியில் பற்றவைக்கும் டங்ஸ்டன் கார்பைடைத் தீட்டுவதற்கு உரியது. டிரில் பிட்டையும் உளியையும் அதில் பிடித்தால் தீட்டுவதற்குப் பதில் கல்தான் கரையும். இதை அவரிடம் தொலைபேசியில் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பிறகு அப்பாவின் பெட்டியில் கார்பைடு நுனி வைத்த லேத் டூல்கள் பதினொன்று இருப்பதாகச் சொன்னார். அப்படியானால் பச்சைக் கல் இருக்கட்டும், வலப்பக்கம் பூட்டிக்கொள்வோம். கடுமையைத் திரும்பப் பெறுகிறேன்.

இடப்பக்கத்துக்கு ஏ 60 கே 5 வி என்று குறியிட்ட கல். ஏ என்பது அலுமினியம் ஆக்சைடு; 60 மணிகளின் அளவு, எண் கூடக் கூட மணி பொடியாகும்; கே பிணைப்பின் இறுக்கம்; 5 மணிகளுக்கிடையே உள்ள நெருக்கம்; வி என்றால் மண்பாண்டம் போலச் சூளையில் சுட்ட பிணைப்பு. இவற்றோடு, கல்லில் ஒட்டிய தாளில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் மோட்டாரின் வேகத்தைவிடக் கூடுதலா என்று பார்க்காமல் கடையைவிட்டு இறங்காதீர்கள்.

25 பிப்ரவரி

கல்லின் துளை 31.75 மில்லிமீட்டர், ஷாஃப்ட் 15.88. நடுவில் போட ஒன்றுக்குள் ஒன்றாக பிளாஸ்டிக் புஷ்கள் கொடுக்கிறார்கள். பூட்டி ஓட்டினால் பெஞ்சு மேலிருந்த தேநீர்க் குவளை தானாக நடந்து விளிம்புக்குப் போயிற்று. பிளாஸ்டிக்கை எறிந்துவிட்டு, வியாசர்பாடியில் லேத் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரே துண்டாக இரும்பு புஷ் கடைந்து வாங்கினோம். கல்லைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்சின் முகத்தில் பழைய நட்டு இறுக்கத்தால் எழும்பியிருந்த பிசிரையும் அவரே லேசாக வாங்கிக் கொடுத்தார். ஃபிளாஞ்சுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள தாள் வட்டத்தைக் கிழித்துவிடக் கூடாது; அது விளம்பரத் தாள் இல்லை, அழுத்தத்தைச் சமமாகப் பரப்பும் மெத்தை. நட்டைக் கல் நழுவாத அளவுக்கு இறுக்கினால் போதும். என் மூன்றடிக் குழாய் இதற்கு வேண்டாம்.

புதுக் கல்லை முதலில் ஓட்டும்போது ஒரு நிமிடமாவது பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும். நின்றோம். பிறகு கல்லின் முகத்தைச் சமன்செய்யும் டைமண்ட் டிரெஸ்ஸரை, தீட்டும் பொருளை ஊன்றிப் பிடிக்கும் டூல் ரெஸ்டின் மேல் வைத்து, மிக மெல்லியதாக நான்கு முறை குறுக்கே ஓட்டியதும் அதிர்வு அடங்கியது. தேநீர்க் குவளையில் தண்ணீர் ஊற்றிப் பெஞ்சின் மேல் வைத்தேன். பரப்பில் ஊசி நுனி அளவுக்கு அலை, அவ்வளவுதான்.

டூல் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மேலே உள்ள பொறித்தடுப்புக்கு 6. இடைவெளி பெரிதானால் பிடித்த பொருள் உள்ளே இழுபட்டு ஆப்பு வைத்தது போல் சிக்கும். அப்போது உடைவது கல்லாகவும் இருக்கலாம், விரலாகவும் இருக்கலாம். கையுறை போடாதீர்கள், கண்ணாடி இல்லாமல் நிற்காதீர்கள்.

எர்ணாவூருக்குத் திரும்ப அனுப்பியாயிற்று. அதே மீன்பாடி வண்டி. இந்த முறை தரையில் வைக்காமல் இடுப்பளவு உயரத்தில் இரும்புத் தாங்கி செய்து பூட்டச் சொல்லியிருக்கிறேன்.

17 மார்ச்

தம்பியிடமிருந்து இரண்டு வரி. படகு வேலைக்காரர்கள் உளி தீட்ட வருகிறார்களாம். இடப்பக்கக் கல் தேய்ந்து இடைவெளி 4 மில்லிமீட்டராகிவிட்டது, பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறார். பரவாயில்லை என்பதே இல்லை. டூல் ரெஸ்டின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, உள்ளே தள்ளி, 3 மில்லிமீட்டர் டிரில் பிட் ஒன்றை நடுவில் வைத்துப் பார்த்து இறுக்கச் சொல்லியிருக்கிறேன்.